பால்குடி உறவு போதவில்லை

அலுவிகாரை,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி நப்லானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் வெயில் தணிந்துவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தடவை எழும்பிவிட்டேன். அடுப்பைப் பார்க்க, கேட்டைப் பூட்ட, பிறகு சும்மா.

என் இரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அடங்கியிருக்கிறது. திரும்பி வராமலிருக்க இன்னொருவரின் ஸ்டெம் செல்லை எனக்கு ஏற்ற வேண்டும். உடன்பிறந்தவர் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டபோது நீயும் ஸஜீதாவும் என்று சொல்லிவிட்டேன். உம்மாவிடம் பால் குடித்து வளர்ந்தவளை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று எந்த வாயால் சொல்வது? அவளும் ஓடிவந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தாள். கொஞ்சமும் பொருந்தவில்லை. அப்போதுதான் டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பாலில் வராது, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களிடம்தான் பொருந்த வாய்ப்பு அதிகம் என்றார். பஸ்ஸில் வழியெல்லாம் ஸஜீதா அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, அநியாயமான கோபம்.

பிறகு போனில் தேடுவதே கதி என்று கிடந்தேன். ஒரு பக்கம் பயப்படாதே என்கிறது, அடுத்த பக்கம் சாவுக்குக் கபன் துணி எடு என்கிறது. கடைசியில் நோயாளிகளின் சிங்களக் குழு ஒன்றில் நாவுல ஊர்க் கிறிஸ்தோபர் கிடைத்தார். நாலு வருடத்துக்கு முன் இதே சிகிச்சை செய்துகொண்டவர். போன ஞாயிறு பூசை முடிந்து மனைவி டொறீனோடு வீட்டுக்கே வந்தார். வாய்ப்புண்ணில் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்ததையும் ஒளிக்கவில்லை. அவருக்குக் கொடுத்தது அண்ணன். ஐந்து நாள் ஊசி, எலும்பெல்லாம் உளைச்சல், பிறகு கையில் ஊசியோடு நாலைந்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுத்திருந்தாராம். முள்ளந்தண்டை யாரும் தொடவில்லை. அந்த அண்ணன் இப்போதும் பஸ் ஓட்டுகிறார்.

ஆளை முடமாக்கிவிடுவார்கள் என்று மாமா உனக்குச் சொன்னது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நான் எடுத்தால் லைன் சரியில்லை. வாட்ஸ்அப்பில் கேட்கப் போனேன். வேணாம் தங்கச்சி, நீல டிக் விழுந்து பதில் வராட்டி ரெண்டு பேருமே செத்துப் போவீங்க, கடிதம் போடுங்க, யோசிக்க நாள் குடுங்க என்று டொறீன்தான் தடுத்தார்.

முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை மட்டும். பொருந்தாமலும் போகலாம். இந்தக் கடிதம் உம்மாவுக்குத் தெரியாது. நீ மாட்டேன் என்றால், தம்பியின் இரத்தமும் பொருந்தவில்லை என்று நானே உம்மாவிடம் சொல்லிவிடுவேன். உன் மேல் ஒரு சொல் விழாது.

ஆனால் தம்பி, எனக்குச் சாக விருப்பமில்லை.

என்ன பதில் எழுதினாலும் அல்லாஹ் உன் உடம்பில் ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

உன் ராத்தா,
அஸ்ரா