பத்தியச் சீட்டு

இராயபுரம்
5-1-1953

என் கண்ணான மகள் தங்கபுஷ்பத்துக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

நேற்று உன் மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னதை ரயிலில் வழியெல்லாம் மென்றுகொண்டு வந்தேன். "மாசாமாசம் தூரமாகிறதுக்கு ஏழு நாளைக்கு முந்தி ஒங்க மகளுக்குப் பேய் ஏறுது. கொழம்புச் சட்டிய ஒடைச்சுட்டா. ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். அப்புறம் நீங்களே வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

பேயெல்லாம் இல்லையம்மா. அம்மா இருந்தால் இதை அவள் எழுதியிருப்பாள். எனக்குக் கை கூசுகிறது. ஆறாம் வகுப்போடு நின்ற கை வேறு. அசோகப்பட்டை, சதகுப்பை, கருஞ்சீரகம் இடித்து அனுப்பியிருக்கிறேன். காலையில் கஷாயம் வைத்துக் குடி.

அப்பா,
ஞானதுரை

மீஞ்சூர்
2-2-1953

அன்புள்ள அப்பாவுக்கு ஸ்தோத்திரம்.

தவறாமல் குடித்தேன். அப்படியும் தலை பிளந்தது, மார் கனத்தது. ஒன்று அழுகை, இல்லையென்றால் ஆத்திரம். "மருந்துக் கடைக்காரர் மகளுக்கு மருந்தும் கேக்கலியாக்கும்" என்றார்கள் அத்தை. கையிலிருந்த செம்பை எறிந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை உருண்ட செம்பை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை காலண்டரில் ஈஸ்டரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார்கள். பயமாக இருக்கிறதப்பா.

புஷ்பம்

இராயபுரம்
5-2-1953

அன்பு மகளுக்கு,

வெட்கத்தில் பத்தியம் சொல்லாமல் விட்டது என் தப்பு. புதுப் பொடியோடு மாப்பிள்ளை பெயருக்கு ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன். ஏழு நாளும் நீ தண்ணீர் இறைக்கக் கூடாது, மதியம் படுக்க வேண்டும், யாரும் உன்னைக் குத்திப் பேசக் கூடாது. கடைசி வரி எந்த வைத்தியத்திலும் இல்லை. என் எழுத்து கோழி கிளறியது போல இருப்பதால் பழைய ஏட்டிலிருந்து எடுத்தது என்று நம்புவார்கள்.

அப்பா

இராயபுரம்
3-3-1953

மகளே,

இந்த மாதம் சண்டையே இல்லை என்ற உன் கார்டைக் கடையில் மூன்று தரம் படித்தேன். நாலாம் தரம் படிக்கும்போதுதான் என் சுக்குமல்லிக் காப்பி ஏன் ஒரு மாதமாகக் கசக்கிறது என்று டப்பாவை முகர்ந்தேன். அது உன் மருந்து. உனக்குப் போனது என் காப்பிப் பொடி. முப்பது வருஷ வைத்தியத்தில் பெண்கள் மருந்தை ஒரு மாதம் குடித்த ஆண்பிள்ளை நான்தான்.

ஞாயிறு வந்து மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏமாற்றுக்காரன் என்று பெயர் வேண்டாம்.

அப்பா

மீஞ்சூர்
5-3-1953

அப்பா, வராதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

முதல் மாதம் சரியான மருந்து, சீட்டு இல்லை, செம்பு பறந்தது. அடுத்த மாதம் காப்பிப் பொடி, சீட்டு இருந்தது, ஒன்றும் பறக்கவில்லை. ருசி மாறியதைப் புது மருந்து என்றே நினைத்தேன். இந்த மாதம் மருந்தே குடிக்காமல் பார்க்கிறேன். ஆனால் பொட்டலம் அடுப்படியில் இருக்க வேண்டும். இந்த வீட்டில் பொடிக்கு மரியாதை உண்டு, எனக்கு இல்லை. அது இல்லையென்றால் சீட்டை யார் மதிப்பார்கள்?

புஷ்பம்

மீஞ்சூர்
31-3-1953

அப்பாவுக்கு,

கஷாயத்தை முருங்கை மரத்தடியில் ஊற்றினேன். தலைவலி வந்தது, அழுகையும் வந்தது. மதியம் படுத்தேன். அத்தை இரண்டு தரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டார்கள். ஒன்றும் உடையவில்லை.

வட்டம் காலண்டரில் அப்படியே இருக்கிறது.

புஷ்பம்

இராயபுரம்
6-4-1953

அன்பு மகளுக்கு,

நேற்று ஈஸ்டருக்கு நீங்கள் வந்தபோது மாப்பிள்ளை கையில் உன் டிரங்குப் பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. அதற்குப் பிறகுதான் உன் முகத்தைப் பார்த்தேன், மன்னித்துக்கொள்.

நீ உள்ளே இருந்தபோது அவர் சொன்னார்: "மாமா, சீட்டு மடிச்சு மடிச்சு கிழிஞ்சு போச்சு. புதுசா ஒண்ணு எழுதித் தாங்க."

"பொடி?"

"பொடி கெடக்கட்டும் மாமா."

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது.

இன்று காலை பக்கத்துத் தெரு சொக்கம்மாள் தன் மகளுக்கு அதே மருந்து கேட்டு வந்தாள். சீட்டும் எழுதி நீட்டினேன். "சீட்டு இன்னாத்துக்கு நைனா? மருந்த மட்டும் குடு" என்றாள். சீட்டில்லாமல் மருந்தில்லை என்று சொல்லிவிட்டேன். திட்டிக்கொண்டே வாங்கிப் போனாள்.

உன் அம்மாவுக்கும் அந்த வாரம் மாதாமாதம் வந்தது. "மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் பொட்டலத்தை நீட்டுவேன். அவள் அதைக் குடித்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவாள். பதினெட்டு வருஷம். ஒரு சீட்டு எழுதவில்லை.

அப்பா