ஐயாயிரம் வரை இயல்பு

அனுப்புநர்:
முதுநிலைப் பணியாளர்,
இரத்தப் பரிசோதனைக் கூடம்,
ஜூடோ பயிற்சி விடுதி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விளையாட்டுத் துறை.

பொருள்: இரத்தத்தில் தசைச் சிதைவின் அளவு மிகுந்த வீரர் ஒருவரைச் சனிக்கிழமைப் போட்டியில் இறக்காமல் தடுக்கவும், விடுதியின் தவறான அளவுப் பட்டியலை நீக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்விடுதியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீரர்களுக்கு இரத்தம் எடுத்து வருகிறேன். இதுவரை யார் மீதும் மனு எழுதியதில்லை. இதில் முதல் குற்றவாளி நானே என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. தசை சிதைந்தால் சி.கே. என்ற பொருள் இரத்தத்தில் கூடும். சாதாரண ஆளுக்கு அது இருநூறு வரை இருக்கலாம். நாள் முழுக்கத் தூக்கி எறியப்பட்டு விழும் ஜூடோ பிள்ளைகளுக்கு எண்ணூறு, ஆயிரம் என்று வரும். சில நாள் ஓய்வில் இறங்கிவிடும். அறிக்கை முழுக்கச் சிவப்பு மையாக இருப்பதைக் கண்ட பயிற்சியாளர், "என்னம்மா, என் பிள்ளைங்க எல்லாருமே நோயாளியா?" என்று கேட்டார். அதிலும் நியாயம் இருந்தது. 'விடுதி அளவு' என்று நானே ஒரு பட்டியல் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன்: ஆயிரம் வரை இயல்பு. அடுத்த ஆண்டு பயிற்சி கூடியது. மூவாயிரம் என்று திருத்தினேன். பிறகு ஐயாயிரம். பிள்ளைகளுக்கு ஓய்வு கொடுப்பதை விட்டுவிட்டு இயல்பை ஏற்றிக்கொண்டே போனோம்.

3. சென்ற போட்டிக்கு முன், 'நெட்டச்சி' என்று எல்லோரும் கூப்பிடும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நாலாயிரத்து எண்ணூறு வந்தது. பட்டியலுக்குள் அடங்கியதால் 'தகுதி' முத்திரை குத்தினேன். எடைப் பிரிவுக்குள் வருவதற்காக அவள் பிளாஸ்டிக் உடையில் ஓடி, இரண்டு நாள் தண்ணீர் தொடாமல் நாலு கிலோ இறக்கினாள். மூன்றாம் ஆட்டம் முடிந்து கழிப்பறையிலிருந்து வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கருங்காப்பி மாதிரி போகுதுக்கா" என்றாள். சிதைந்த தசையின் கழிவு, தண்ணீரில்லாத உடலில் அடைத்துக்கொண்டு, இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. இன்று வாரம் மூன்று நாள் எந்திரம்தான் அவள் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அவளுடைய தாயார் என்னைத் திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

4. அதன் பிறகு பட்டியலைக் கிழித்தெறிந்தேன். மறுநாள் அதே ஐயாயிரம் அளவோடு புதிதாக ஒன்றைப் பிளாஸ்டிக் உறை போட்டு அதே இடத்தில் ஒட்டிவிட்டார்கள்.

5. நேற்று ஒரு வீரருக்கு நாலாயிரத்து அறுநூறு வந்துள்ளது. சனிக்கிழமைக்குள் அவர் மூன்று கிலோ குறைக்க வேண்டும். முத்திரை குத்த மாட்டேன் என்றேன். அவர் என் அண்ணன் மகன். "அத்தைப் பாசம் கண்ணை மறைக்குது" என்று பயிற்சியாளர் விடுதி மேலாளரிடம் கூற, முத்திரையும் அலமாரிச் சாவியும் என்னிடமிருந்து வாங்கப்பட்டன. வெள்ளிக்கிழமை மாலை வேறொருவர் குத்துவார். பாசம்தான், மறுக்கவில்லை. நெட்டச்சிக்கு இங்கே அத்தை யாரும் இல்லை. அதனால்தான் அவளுடைய நாலாயிரத்து எண்ணூறு எனக்கு உறைக்கவில்லை.

6. தாங்கள் அருள்கூர்ந்து, வெள்ளிக்கிழமைக்கு முன் அவரை வெளி மருத்துவமனையில் பரிசோதிக்கவும், அளவு இறங்கும் வரை போட்டியிலிருந்து நிறுத்தி வைக்கவும், அந்தப் பட்டியலை அகற்றவும் ஆணையிட வேண்டுகிறேன். விசாரணையை என்னிடமிருந்தே தொடங்கலாம். பழைய பட்டியல்கள் மூன்றின் கோப்பு நகல்களிலும் என் கையெழுத்து இருக்கிறது.

7. இதற்கு அந்த வீரரின் சம்மதம் இல்லை என்பதையும் மறைக்காமல் கூறுகிறேன். "நாலு வருஷம் உருண்டு புரண்டிருக்கேன் அத்தை. நீங்க கெடுத்தீங்கன்னா உங்க வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஏற வேண்டாம் ஐயா. வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, என்னை ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டு, எங்கேயாவது நன்றாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் ஆணை வர வேண்டும்.

இணைப்பு: இருவரின் இரத்த அறிக்கை நகல்கள்.

இடம்: பயிற்சி விடுதி
நாள்: புதன்கிழமை

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
முதுநிலைப் பணியாளர்