மறைக்காமல் உருட்டிய பகடை

அன்பு ஜெபா அண்ணனுக்கு, தோத்திரம்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. கல்லறைக்கு வரும்போதெல்லாம் அம்மா கூடவே நிற்பதால் உன்னிடம் எதுவும் பேச முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன். போன சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பட்டறைக்கு உனக்குப் பதிலாக நான் போய் வந்தேன்.

வாசகர் வட்டத்துக்காரர்கள் உன்னிடம் கேட்டு, நீயும் சரி என்று சொல்லி வைத்திருந்தாயே, அதுதான். கதையாட்டம் நடத்துகிறவர்களுக்கும் புதிதாக எழுத வருகிறவர்களுக்கும் சேர்த்து ஒருநாள் பட்டறை. போன மாதம் உன் எண்ணுக்குக் கூப்பிட்டார்கள். நான்தான் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கூப்பிட்ட பையன் வருத்தம் சொன்னான். பிறகு, “அக்கா, நீங்க அண்ணன்கூட ஆடுனவியதானே? நீங்க வாங்களேன்” என்றான்.

“நான் ஆடுனவதான், நடத்துனதில்ல.”

“அண்ணன் எப்படி நடத்துனாருன்னு சொன்னாலே போதும்க்கா.”

அதைச் சொல்லத்தான் எனக்குப் பயம். நீ நடத்திய கடைசி ஆட்டத்தில் சண்டை போட்டு எழுந்து போனவள் நான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். அண்ணன் பட்டாளத்தில் இருந்தபோது ஒரு பனி முகாமில் கூட இருந்த சிப்பாயிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது. ஓய்வு பெற்று இராஜபாளையம் வந்து, மில்லில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் நாலு பேருக்கு அண்ணன் நடத்துவான். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியின் அட்டைப்பெட்டியை வெட்டி முன்னால் மறைப்பாக நிறுத்திக்கொண்டு, அதற்குப் பின்னால்தான் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அவனே சொல்வான். என் பாத்திரம் வேலம்மை. மலைப்பாதையில் கடிதம் சுமப்பவள். இரண்டு வருடம் அவளாக இருந்தேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று வேலம்மை ஒரு கயிற்றுப் பாலத்தைக் கடக்க நின்றாள். நீ பகடையைக் கையில் எடுத்ததும் நான் சொன்னேன், “மறைச்சு உருட்டாத. நீ நெனச்சபடி கதைய வளைக்கிற.”

உன் முகம் சட்டென்று மாறியது. “அப்படியா சொல்லுத? சரி, எல்லாரும் பாருங்க” என்று அட்டையைக் கீழே சாய்த்துவிட்டு உருட்டினாய். பகடை நின்றதும் பக்கத்து வீட்டு வெங்கட்ராஜா அவர் வீட்டுத் தெலுங்கில், “ஒகட்டி” என்றார். ஒன்று. அதைவிடக் கீழே எண் இல்லை.

“வேற ஏதாவது செஞ்சு காப்பாத்துண்ணே.”

“எப்படி ஏட்டி? எல்லாரும் பார்த்தாச்சே.”

வேலம்மை விழுந்தாள். நான் எழுந்து போய்விட்டேன். வெறும் ஆட்டத்துக்காக மூன்று வாரம் அண்ணனோடு பேசாத தங்கை உண்டா? நான் இருந்தேன். நீ இரண்டு தடவை போன் பண்ணினாய். எடுக்கவில்லை. நாலாவது வாரம் மில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்று சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த இரண்டு போனும் எதற்காகப் பண்ணினாய் அண்ணே?

சனிக்கிழமை காலை வெங்கட்ராஜாவும் என்னோடு பஸ் ஏறினார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

“எஸ்தரு, ஒண்ணு சொல்லணும். நான் உங்க அண்ணன் பக்கத்துலதானே உக்காருவேன்? அட்டைக்குப் பின்னால விழுறது எனக்குத் தெரியும். உன் வேலம்மை நாலு தடவை செத்திருக்கணும். ஒவ்வொரு தடவையும் அவர்தான் எண்ணை மாத்திச் சொன்னார்.”

“ஏன் இதை முன்னாலயே சொல்லல?”

“யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்.”

நீ மறைத்தது என்னைக் காப்பாற்றத்தான். நான் அதையே குற்றமாகச் சொல்லி, உன் கையாலேயே அட்டையைச் சாய்க்க வைத்தேன். மீதித் தூரம் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட அரங்கு. மேடையில் மூன்று நாற்காலி. சிறுகதை எழுதும் தமிழாசிரியர் ஒருவர், மதுரையில் ஆட்டம் நடத்தும் ஒரு பெண், நான். பேச்சு நன்றாகவே போனது. கேள்வி நேரத்தில் பாண்டிச்செல்வி என்று ஒரு பெண் எழுந்தாள். போலீஸ் வேலையாம், லீவு போட்டு வந்திருந்தாள். “ஆட்டத்துல ஒருத்தங்க பாத்திரம் சாகப்போகுது. நடத்துறவங்க பகடையை மாத்திச் சொல்லலாமா?” என்று கேட்டாள்.

மதுரைப் பெண், “மாத்தவே கூடாது, அது ஏமாத்து” என்றாள். ஆசிரியர், “கதையில் யார் சாக வேண்டும் என்பதை எழுதுகிறவன் முடிவு செய்ய வேண்டும், பகடை அல்ல” என்றார். மைக் என் கைக்கு வந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், அட்டை, நான் எடுக்காத போன், பஸ்ஸில் கேட்டது. கடைசியில், “மாத்தலாமா கூடாதான்னு எனக்குத் தெரியல. அண்ணன் என்னைக் கேக்காமயே காப்பாத்துனான். நானும் அவனைக் கேக்காமயே குத்தம் சொன்னேன். ஆட்டம் ஆரம்பிக்கும்போதே, உனக்கு எப்படி வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அம்புட்டுத்தான்” என்றேன். யாரும் கைதட்டவில்லை. தட்டாததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் ஒரு மேஜையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பாண்டிச்செல்வி அதில் வந்து உட்கார்ந்தாள். உருட்டுவது எப்படி வேண்டும் என்று முதலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டேன். “எனக்கு மறைக்காம உருட்டுங்க” என்றாள் அவள். வெள்ளத்தில் படகு ஓட்டுகிறவளாக ஆடினாள். பகடை கெட்டதாக விழுந்தது. எல்லாரும் பார்த்த எண் என்று தெரிந்தும், மாற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது அண்ணே, நிஜமாக. உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?

அவள் பகடையை என் பக்கம் தள்ளினாள். “சரி, செத்துட்டேன். ஆனா எப்படிச் செத்தேன்னு நான்தான் சொல்லுவேன்” என்றாள். சொன்னாள். கடைசி ஆளைக் கரையில் தள்ளிவிட்டு, துடுப்பையும் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு எழுதுவதற்கென்று ஒதுக்கிய நேரத்தில் அதையே இரண்டு பக்கம் எழுதி வாசித்தாள். தமிழாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதை யாரும் திருத்த வேண்டாம்” என்றார்.

பத்து வருடமாகக் கதை எழுதப்போகிறேன் என்று சொல்லி, ஒன்றையும் முடிக்காதவள் நான். மறுநாள் ஞாயிறு மதியம் உட்கார்ந்து வேலம்மை விழுந்ததை எழுதினேன். அவள் எப்படி விழுந்தாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நீ அன்று கொஞ்சம் பொறுத்திருந்தால், நான் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால், உனக்கே சொல்லியிருப்பேன். எழுதி முடித்ததும் உன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. என்மேல் இருப்பது போகவில்லை. அது இருக்கட்டும்.

வர்ற ஞாயிறு முதல் நம் முன்னறையில் மறுபடியும் ஆட்டம். வெங்கட்ராஜா வருகிறார். பாண்டிச்செல்வி டூட்டி மாற்றிக்கொண்டு வருகிறாள். என் பேக்கிங் செக்‌ஷனிலிருந்து இரண்டு பேர், தளவாய்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் நடத்துகிறேன். உன் கதையைத் தொடரப் போவதில்லை, புதிதாக ஒன்று. உன் அளவுக்கு எனக்கு வராது. திக்குவேன், பாத்திரங்களின் பேரை மாற்றிச் சொல்வேன். ஆனால் ஒரு வாரமும் விடாமல் நடத்துவேன் அண்ணே.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள்
எஸ்தர்