ராகு காலத்தில் வந்த வாசகர்

18 ஆகஸ்ட் 2006, வெள்ளி

படுத்தால் தூக்கம் வரவில்லை, மனசு குதிக்கிறது. செல்வி அக்காவுக்குச் சொந்த வெப்சைட் வந்துவிட்டது!

மாமல்லபுரத்துச் சேதிகளை, ஊரைவிட்டுப் போனவர்களுக்கு அக்கா வாராவாரம் மெயிலில் எழுதிவந்தார். அதற்கு வைத்திருந்த இலவச மெயில் குழுவை அந்தக் கம்பெனிக்காரர்கள் போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டார்கள். மெயில் ஐடி கைவசம் இருந்த நாலைந்து பேருக்குத்தான் வெப்சைட்டின் முகவரியைச் சொல்ல முடிந்தது. யாராவது வருவார்களா என்று அக்காவுக்கு ஒரே கவலை.

நான் சைட்டை எப்போதோ முடித்துவிட்டேன். ஆடி போகட்டும் என்று அக்காதான் நிறுத்திவைத்தார். இன்றைக்கும் பன்னிரண்டு வரை ராகு காலம். கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைத்து, கற்பூரத் தட்டோடு காத்திருந்தார். சரியாக வருகிறதா பார்க்கலாம் என்று காலையிலேயே நான் சைட்டை நெட்டில் ஏற்றியிருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்கு அக்காவின் செல் அடித்தது. மஸ்கட்டிலிருந்து முனுசாமி, பழைய வாசகர், அந்த நாலைந்து பேரில் ஒருவர். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"யக்கா, தெனம் தட்டிப் பாத்துகினே இருந்தேன். இன்னிக்குத் தொறந்துகிச்சு!"

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"இன்னாடா பண்ணி வெச்சுகிற?"

"டெஸ்டுக்குத்தான்கா..."

அக்கா தீப்பெட்டியை எடுத்து அப்போதே கற்பூரத்தைக் கொளுத்தினார்.

"அம்மாந்தூரத்துல இருந்து வந்துகிறான். பன்னெண்டு மணி வரைக்கும் வாசல்லயே நிக்க வெக்கவா?"

சைட்டின் பெயரை வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அதற்கு மட்டும் நல்ல நேரம் பார்க்க வேண்டும்.