இந்த முறை பிஸ்கட் டப்பா வராது

அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நீயும் அத்தானும் உன் மகள், என் குட்டி மருமகளும் சுகந்தானே? நான் இங்கே ராஜாவாட்டம் இருக்கிறேன்.

பிஸ்கட் கம்பெனியில் கொழுப்புத் தொட்டியே என் பொறுப்பில்தான். கெட்டிக் கொழுப்பு வெள்ளை வெளேரென்று உருகும்போது மேகத்துக்குள் நிற்பதுபோல் இருக்கும். போன வாரம் கண் இருட்டி அந்த மேகத்திலேயே கொஞ்சம் மிதந்துவிட்டேன். பத்துப் பேர் தூக்கினார்கள், உன் தம்பி அவ்வளவு கனம்!

நாற்பது டாக்டருக்குத் தலைவரான டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்தார். "தொட்டியில இருக்கறது உன் ரத்தக் குழாய்லயும் படிஞ்சிருக்கேய்யா. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் தின்னியா?"

"எங்க வம்சத்துக்கே பொரிச்சாத்தான் சார் தொண்டையில இறங்கும்."

"வீட்டுல சின்னப் புள்ள இருந்தா, அதையாவது இப்பவே மாத்து" என்றார். அவர் சிரிக்கவில்லை, அக்கா.

அதனால் என் மருமகளுக்கு இந்த முறை பிஸ்கட் டப்பாவுக்குப் பதில் கலர் பென்சில்தான் வரும். தினமும் தின்ற பழத்தை வரைந்து அனுப்பச் சொல். நானும் இப்போது பழந்தான் தின்கிறேன், தனியாகத் தின்றால் இறங்கமாட்டேன் என்கிறது. அறைச் சுவரும் காலியாகக் கிடக்கிறது.

வேலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். பிஸ்கட் இல்லையென்று கோபித்துக்கொண்டால் அந்தக் கோபத்தையே வரையச் சொல். அதையும் ஒட்டிவைப்பேன்.