நடு ஸ்பீக்கர்

மாசி, ஞாயிறு இரவு.

பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தபோது ஹோம் தியேட்டரைக் கழற்றித் திரும்ப மாட்டியது நான்தான். அன்றிலிருந்து படம் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "பாட்டு கேக்குது சாமி, பேசறதுதான் கேக்கல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உங்களுக்குத்தான் காது போச்சு என்று கத்தினேன். டாக்டரிடம்கூடக் காட்டாமல் நாமக்கல்லில் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டேன்.

இன்று ஒட்டடை அடிக்கும்போது பார்த்தால், நடு ஸ்பீக்கருக்கு ஒயரே மாட்டவில்லை. பேச்செல்லாம் அதில்தான் வரும். மாட்டினேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். சட்டைப்பையிலிருந்து மிஷினை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இப்பத்தான் மிஷின் வேலை செய்யுது. நீ சொன்னது சரிதான் சாமி, காதுதான் போயிருச்சு" என்றார்.

ஒயரைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.