தண்ணியா, கணக்கா

ஜூன் 9, திங்கள்
புது மெஷின் இன்று தன் முதல் எலும்பை உடைத்தது! எருமைத் தொடை எலும்பு. அடியை இரும்புப் பிடியில் மாட்டி, மேலிருந்து மெதுவாக அமுக்குகிறது. தம்பானூர் ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தவன் நான். அங்கே ஒரு சரக்கு மாஸ்டர், இட்லி வேகும்போது பேசினால் இட்லி கோபித்துக்கொள்ளும் என்பார், அது கிடக்கட்டும். யுனிவர்சிட்டியில், எலும்பின் பலம் பார்க்கிற லேபில் உதவியாளாக நிற்பேன் என்று யார் கண்டது? ‘டப்’ என்று சத்தம் வந்ததும் கை தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் ரூம் அனில் மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தான்: “அண்ணாச்சி, இது சினிமா டாக்கீஸ் அல்ல கேட்டோ!”

ஜூன் 12, வியாழன்
ரேஷ்மி இங்கே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளை. ஒரு எலும்பை ஸ்கேன் எடுத்து, குளிர் ரூமில் அடுக்கியிருக்கிற கம்ப்யூட்டர்களில் ஏற்றி, நாள் கணக்கில் ஓட்டி, அது எங்கே உடையும் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டது! திரையில் எலும்பின் கழுத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு.
“நாளைக்கு மெஷின்ல இவ்விடத்தன்னெ ஒடியணும் அண்ணாச்சி. இல்லெங்கில் என்றெ தீசிஸ் ஒடியும்.”
எங்கள் ஊர்க் கோயிலில் சரிபாதியாகத் தேங்காய் உடைக்கிறவர் ஒருவர் உண்டு. அவர்கூடச் சொல்லிவிட்டு உடைத்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி
போச்சு. எல்லாம் போச்சு.
நேத்து சாயங்காலம் ரேஷ்மி எலும்பை மெஷின்ல மாட்டி அளவு பாத்துட்டு, பஸ்ஸுக்கு ஓடுற ஓட்டத்துல “எல்லு ஊரி வெச்சேக்கணே அண்ணாச்சி”ன்னுது. எல்லுன்னா எலும்பு, அது எனக்குத் தெரியும். எலும்பு வேலை அதுவரை அந்தப் பிள்ளைதான் பாக்கும். தினம் அரிசியும் உளுந்தும் ஊற வச்ச கைக்கு வேற என்ன தோணும்? வாளி நிறைய குழாத்தண்ணி பிடிச்சு, முங்கப் போட்டுட்டேன். அவங்க பாஷையில ‘ஊரி’ன்னா கழட்டியாம்! கழட்டி, உப்புத்தண்ணித் துணி சுத்தி, ஃப்ரீசர்ல வைக்கணுமாம்.
ரேஷ்மி வாளியைப் பாத்துட்டுத் தரையிலயே உக்காந்துருச்சு. “ஸ்கேன் செய்தது இது ஒண்ணேயுள்ளூ…” ஸ்கேன் எடுத்ததே அந்த ஒரு எலும்புதானாம்.
பச்சைத் தண்ணியில ஊறினா எலும்போட பலம் மாறலாமாம். புரொபசர் கிருஷ்ணகுமார் சார் மட்டும் கத்தலை. “சாரமில்ல, ஒடிச்சு நோக்கு”ன்னார். பரவாயில்ல, உடைச்சுப் பாருன்னு அர்த்தம்.
சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே உடைஞ்சுது.
என்னாலதானா? நாளைக்கு வரச் சொல்வாங்களா?

ஜூன் 14, சனி
வரச் சொன்னார்கள்.
அனில் அந்தப் பிள்ளைக்கு வழி சொன்னான்: “குற்றம் வெள்ளத்தின்றெ தலையில வெச்சு எழுது. அண்ணாச்சி செய்தது எல்லாவர்க்கும் அறியாமல்லோ.” வெள்ளம் என்றால் இவர்களுக்குத் தண்ணீர்.
எழுதினால் நான் வெளியேதான்.
ரேஷ்மி தலையை ஆட்டியது. “தண்ணியா, என்றெ கணக்கா? அது அறியாதெ ஞான் எழுதில்லா.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, இன்னும் எலும்பு வேணும். பாதியை அதே போல தண்ணியில போடணும். பாதியைத் துணி சுத்தி வைக்கணும். ரெண்டையும் ஒடிச்சு நோக்காம்.”
இறைச்சிக் கடை யூசுப்பிடம் ஓடினேன். “சூப்புக்கா?” என்றார். “பரீட்சைக்கு!” என்றேன்.

ஜூன் 26, வியாழன்
எல்லா எலும்பும் ஸ்கேனுக்குப் போய் வந்தது. குளிர் ரூம் உறுமிக்கொண்டே இருக்கிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
உடைத்தாயிற்று! ஒவ்வொரு ‘டப்’புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊறியதும் ஊறாததும் ஒரே இடத்தில், சிவப்புக்கு ஒரு விரல் கீழேயே உடைந்தன.
“தண்ணியல்ல அண்ணாச்சி! என்றெ கணக்காக்கும்!” ரேஷ்மி குதித்தது.
“சொந்தம் தெற்று கண்டுபிடிச்சு துள்ளுன்ன குட்டியை இப்பழா காணுன்னது” என்றான் அனில். சொந்தத் தப்பைக் கண்டுபிடித்துத் துள்ளுகிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறானாம்.
நான் கை தட்டினேன். இந்தத் தடவை அவனும் தட்டினான்.

ஜூலை 19, சனி
தப்பு பிடிபட்டது. இரும்புப் பிடி எலும்பைக் கவ்வுகிற இடத்தை ரேஷ்மி கம்ப்யூட்டருக்குள் ஒரு விரல் உயரமாக வைத்துவிட்டதாம். அதைத் திருத்தி மறுபடி ஓட்டினார்கள். சிவப்பு சொல்லிவைத்தாற்போல் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தது! சார் அனைவருக்கும் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கித் தந்தார். தம்பானூரில் ஒரு கடையில் இதையே — வேண்டாம், அது பெரிய கதை.

ஜூலை 21, திங்கள்
ரேஷ்மி அம்மாவைப் பார்க்கக் கொல்லத்துக்குப் போயிருக்கிறது. எலும்பு வைக்கிற ஃப்ரீசரின் சாவி என்னிடம்.